ஐந்து கல்லூரி, ஆறு வாக்கு

அத்தியாயம் 11

டெல்ஃபினா வீட்டில் பொய் சொல்லி இது இரண்டாவது நாள்.

பெரிய பொய் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, எம்.பி.ஏ. சேர்க்கைக்காக எழுதிய ஜிமேட் தேர்வின் மதிப்பெண் வந்தது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா இடலினா, கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து, "எவ்வளவுடி?" என்று கேட்டாள். டெல்ஃபினா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சுமார்தாம்மா" என்றாள். அவ்வளவுதான்.

உண்மையில் வந்தது எழுநூற்றுப் பதினைந்து. நூறு பேர் எழுதினால் தொண்ணூற்றெட்டு பேருக்கு வராத மதிப்பெண்.

மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லிப் பொய் சொல்கிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவள் குறைத்துச் சொன்னாள். ஏன் என்று அவளுக்கே முழுசாகப் புரியவில்லை. குறைவாக வந்திருந்தால் எல்லாம் தானாக முடிந்திருக்கும். ஊரிலேயே சாயங்கால வகுப்பு, பகலில் அப்பாவின் கடையில் புகையிட்ட ஷொரீசு சாசேஜ் வியாபாரம், இரண்டு வருஷத்தில் கடை அவள் கையில். அப்பா ஹெர்மானோ அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிப்போய், குடலில் கறி அடைக்கும் இயந்திரத்தின் கைப்பிடியைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாமல் நாளாகிவிட்டது.

ஆனால் எழுநூற்றுப் பதினைந்து வந்துவிட்டதே. அந்த மதிப்பெண் ஒரே ஒரு ஊரைத்தான் கை காட்டியது. சிகாகோ. முழுநேரப் படிப்பு. சொந்த ஊரான ஃபால் ரிவரை விட்டுப் போக வேண்டும். இது அண்ணன் டுவார்த்தேவுக்கு மட்டும்தான் தெரியும்.

மதிப்பெண்ணை ஐந்து கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பிக்கொள்ளலாம். ஞாயிறு காலை வரை நேரம். அதற்கப்புறம் பணம் கட்டி அனுப்பலாம்தான். பணம் பெரிய விஷயம் இல்லை. சிகாகோவில் இந்த வருஷத்தின் கடைசி விண்ணப்பச் சுற்று செவ்வாயோடு மூடுகிறது. இப்போது அனுப்பாவிட்டால் தான் எப்போதுமே அனுப்பப் போவதில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். தன்னைப் பற்றி அவளுக்கு அந்த அளவுக்குத் தெரியும்.

இன்று சனிக்கிழமை.

*

ஈஸ்டர் முடிந்த முதல் வாரம். வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றும் தூய ஆவித் திருவிழா மகுடம் இந்த வருஷம் முதலில் இவர்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. முன்னறை முழுக்க வெள்ளைத் துணி, பூ, மெழுகுவர்த்தி. நடுவில் வெள்ளி மகுடம், அதன் உச்சியில் சின்னப் புறா. வாரம் முழுக்க சாயங்காலம் ஜெபமாலைக்குத் தெருவே வீட்டுக்குள் இருந்தது. நாளைக்கு மகுடம் ஊர்வலமாகக் கோயிலுக்குப் போய், சமபந்தி முடிந்து, அடுத்த வீட்டுக்குப் போகும். சமபந்திக்குக் கறிக்குழம்பும் ரொட்டியும் இந்த வீட்டுப் பொறுப்பு.

அப்படியிருந்தும் கடையை மூட முடியாது. திருவிழா வாரத்தில்தான் ஷொரீசு அதிகம் விற்கும்.

காலையில் கல்லாவில் டெல்ஃபினா. பின்னால் புகைக்கூடத்துக் கதவைத் திறந்துகொண்டு டுவார்த்தே வந்தான். கண் இரண்டும் சிவந்து, தலையெல்லாம் மரப்புகை வாசம்.

"அனுப்பிட்டியா?" என்றான்.

"எதை?"

"சும்மா நடிக்காத. காலையிலேருந்து போனை எடுக்கற, பார்க்கற, பையில போடற. பல் விழுந்த குழந்தை நாக்கால தடவித் தடவிப் பார்க்குமே, அது மாதிரி இருக்கு."

"கூட்டத்தைப் பாரு அண்ணா. அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா எப்ப? நாளைக்கு ஊர்வலத்துல கொடியைத் தூக்கிட்டு நடக்கும்போதா?"

அவள் பதில் சொல்வதற்குள் வரிசையில் முன்னால் வந்துவிட்டாள் பக்கத்து வீட்டு அல்தினா. கையில் கறிப்பை, கூடவே பேத்தி. கல்லா மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஏம்மா டெல்ஃபினா, எங்க மாப்பிள்ளை காலேஜுக்கு அனுப்பிட்டியா?"

"என்னது?"

"உன் மார்க்குதான். உங்கம்மா சொன்னாளே, அஞ்சு இடம் இருக்கு, அதுல ஒண்ணு உனக்குன்னு. நான் உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். வந்ததும் பார்த்துக்கப்பான்னு."

டெல்ஃபினா எடைபோட்ட பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "அல்தினா அத்தை, உங்க மாப்பிள்ளை அங்க சமையல் இல்ல சொல்லிக்குடுக்கறாரு?"

"சமையலோ வியாபாரமோ, காலேஜ் ஒண்ணுதானே? உள்ள ஆள் இருந்தா நல்லதுதானேம்மா." அல்தினா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "உங்கம்மா மாதிரி மனசு யாருக்கு வரும்? தனக்குக் கிடைச்சதைத் தானே வச்சுக்கணும்னு நெனைக்காதவ."

அவள் போனதும் டுவார்த்தே சுவரில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் சிரித்தான். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காத."

"சிரிக்கல. நேத்து பல் டாக்டரும் என்கிட்ட கேட்டாரு. பாஸ்டன்ல அவர் படிச்ச இடத்துக்கு ஒண்ணு அனுப்பறதா அம்மா சொன்னாங்களாம். நான் சரி டாக்டர்னுட்டேன்."

"நீ எதுக்குச் சரின்னு சொன்ன?"

"வாய்க்குள்ள கண்ணாடியை வச்சுட்டுக் கேட்டா வேற என்ன சொல்றது?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. ஏப்ரனை அவிழ்த்து அண்ணன் கையில் திணித்தாள். "கல்லாவைப் பார்த்துக்கோ. நான் வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"அப்பா கேட்டா?"

"அம்மாகிட்ட சண்டை போடப் போனேன்னு சொல்லு."

*

ஃபால் ரிவரில் எங்கள் போர்த்துக்கீசிய ஆட்கள் வீடு எதுவானாலும் சமையலறை இரண்டு. மேலே இருப்பது பார்க்க. கீழ்த்தளத்தில் இருப்பது சமைக்க. இடலினா காலையிலிருந்தே கீழ்த்தளத்தில்தான் இருந்தாள். பெரிய பெரிய அண்டாக்களில் மாட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள் ஃபிலோமினா. டெல்ஃபினாவின் ஞானத்தாய்; அவள் 'ஞானம்மா' என்று கூப்பிடுவாள். ஊர்க் கல்லூரியில் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள்.

டெல்ஃபினா படியிறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "அம்மா, யார் யாருக்கெல்லாம் வாக்குக் குடுத்திருக்க?"

"என்ன வாக்கு?"

"அஞ்சு காலேஜ்."

"ஓ, அதுவா." இடலினா கரண்டியை அண்டா விளிம்பில் தட்டி வைத்தாள். "ஒண்ணு ஞானம்மா காலேஜ். அது எப்பவோ முடிவானது. ஒண்ணு பிராவிடன்ஸ், நம்ம கோயில் சாமியார் படிச்ச இடம். அவருக்கு மரியாதை பண்ணணும். ஒண்ணு டொராண்டோ, உங்க சித்தப்பா ஊரு. அல்தினாவுக்கு ஒண்ணு. டாக்டருக்கு ஒண்ணு. அப்புறம் திருவிழாச் சங்கத் தலைவரோட மக படிக்கறாளே, அந்த இடம்."

"எண்ணிப் பாரும்மா."

இடலினா விரலை மடக்கினாள். ஒரு கை முடிந்து, அடுத்த கையின் கட்டைவிரலும் மடங்கி நின்றது. அதையே பார்த்தாள்.

"ஐயையோ" என்றாள்.

ஃபிலோமினா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "அடிப்பாவி இடலினா! இருக்கறது அஞ்சு, நீ ஆறு வீட்டுக்குப் பங்கு போட்டிருக்கியே!"

"சிரிக்காத ஃபிலோமினா. இப்ப யாரை விடறது? டாக்டரை விட்டா நம்ம டுவார்த்தே பல்லு பாதி கட்டினதோட நிக்கும். தலைவரை விட்டா நாளைக்கு ஊர்வலத்துல முகத்தைத் திருப்பிக்குவாரு."

"அம்மா!" டெல்ஃபினாவின் குரல் உயர்ந்தது. "மார்க்கு அனுப்பறது கறிப் பங்கு போடறது இல்லம்மா. எந்த இடத்துல படிக்கப் போறேனோ அங்கதான் அனுப்பணும். அவங்க என் பேரை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அனுப்பினா திரும்ப வாங்க முடியாது."

"அதனால என்ன? இலவசம்னு நீதானே சொன்ன? இலவசமா வந்ததை நாலு பேருக்குக் குடுக்கறதுல என்ன குறைஞ்சுடப் போகுது? திருவிழாவுக்குக் கறியும் ரொட்டியும் ஒயினும் வீட்டுக்கு வீடு அனுப்பறோம். நமக்கு மட்டும் வச்சுக்கறமா? மகுடம் இருக்கற வீடுடி இது."

அம்மா சொன்னதில் எங்கே தப்பு என்று டெல்ஃபினாவால் பிடிக்க முடிந்தது. ஆனால் அந்தத் தப்பை அம்மாவின் பாஷையில் சொல்ல முடியவில்லை.

ஃபிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரை வேணா விடு, என் காலேஜை விட்டுடாத. சாயங்கால வகுப்புல உனக்கு நான் இடம் பேசி வச்சாச்சு. திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையா உன் மார்க்கைத்தான் தேடுவேன். சுமாரா இருந்தா என்ன? நான் இருக்கேன், பார்த்துக்கறேன்."

இதை டெல்ஃபினா யோசிக்கவே இல்லை. அனுப்பினால் ஞானம்மா பார்ப்பாள். சுமார் என்று சொன்னது பொய் என்று திங்கட்கிழமை மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அனுப்பாவிட்டால், ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வி வரும். எந்தப் பக்கம் போனாலும் மூடிய கதவு.

"எனக்கு ஒரு வழி தோணுது" என்றாள் இடலினா. முகம் தெளிந்துவிட்டது. "மகுடம் யார் வீட்டுக்குப் போகணும்னு சங்கத்துல எப்படி முடிவு பண்றோம்? சீட்டுதானே? பைக்குள்ள சீட்டைப் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்றோம். வரலன்னா யாருக்காவது கோபம் வருதா? அது ஆவியானவர் பார்த்துக் குடுத்தது. அதே மாதிரி ராத்திரி ஜெபமாலை முடிஞ்சதும் ஆறையும் எழுதிப் போட்டு, அஞ்சை எடுப்போம். கேட்டவங்க எல்லாரும் இங்கதான் இருப்பாங்க. அவங்க கண்ணு முன்னாலேயே ஆகட்டும்."

"அம்மா, இது என் படிப்பு."

"உனக்குன்னு ஒண்ணு இருந்தா நீயும் எழுதிப் போடேன். யார் வேணாம்னா?"

இடலினா சொன்னது சாதாரணமாகத்தான். மறுபடி அண்டாவைக் கிளறப் போய்விட்டாள். ஆனால் டெல்ஃபினா அந்த இடத்திலேயே நின்றாள். முதலில் கோபம் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் வந்தது. ஒரு நிம்மதி. கேவலமான நிம்மதி. நான் முடிவு பண்ண வேண்டியதில்லை என்று உள்ளே ஏதோ ஒன்று தளர்ந்து உட்கார்ந்தது.

"சரி, என்னமோ பண்ணுங்க" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அம்மா ஆறு சீட்டு எழுதி, ஒரே மாதிரி மடித்து, சங்கத்திலிருந்து வாங்கி வந்த சிவப்புத் துணிப்பையில் போட்டாள். பையை மகுடத்துக்குக் கீழே வைத்தாள். டெல்ஃபினாவும் ஒரு துண்டுக் காகிதம் எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். மூடினாள். அந்த அறையில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது அப்பாவின் நாற்காலிதான். கைப்பிடியில் அவர் விரலை நீவிக்கொள்ளும் துணி தொங்கியது. வெற்றுக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பிவிட்டாள்.

*

சாயங்காலம் முன்னறையில் நிற்க இடமில்லை. நாற்காலிகள் போதாமல் ஆட்கள் மாடிப்படி வரை உட்கார்ந்திருந்தார்கள். ஹெர்மானோ முன்வரிசையில், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வீங்கிய விரல்களில் ஜெபமாலையை மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். டுவார்த்தே கதவோரம் நின்றான். எத்தனை குளித்தாலும் அவனிடமிருந்து புகை வாசம் போகாது.

ஜெபம் முடிந்தது. கீழே காப்பியும் இனிப்பு ரொட்டியும் தயாராக இருந்தது தெரிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. சீட்டு விஷயம் எல்லோருக்கும் போயிருந்தது.

"யாருக்கு வந்தாலும் மனத்தாங்கல் இல்ல" என்று இடலினா அறிவித்தாள். "வராதவங்களுக்கு நாளைக்குக் குழம்புல ஒரு கரண்டி கூட."

எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர், "எனக்குக் கரண்டியே போதும்" என்றார்.

அல்தினாவின் பேத்தி முன்னால் வந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பைக்குள் கைவிட்டு, நன்றாகக் கலக்கி, ஒரு சீட்டை எடுத்தாள். படிக்க வேண்டியது ஃபிலோமினா. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சீட்டைப் பிரித்தாள்.

விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

"என்ன ஃபிலோமினா, எழுத்து தெரியலையா?" என்றாள் இடலினா.

"சிகாகோ" என்றாள் ஃபிலோமினா.

"எது?"

"சிகாகோன்னு போட்டிருக்கு. முழுநேரப் படிப்புன்னு போட்டிருக்கு." சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இது நீ எழுதினதா இடலினா?"

"நான் எழுதினது ஆறு. அதுல சிகாகோ ஏது?"

அறையில் சலசலப்பு. டெல்ஃபினாவின் காது சூடாகிவிட்டது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். வெற்றுக் காகிதம் அங்கேயே இருந்தது. நிமிர்ந்து கதவோரம் பார்த்தாள். டுவார்த்தே அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். 'படுபாவி' என்று நினைத்துக்கொண்டாள். 'போட்டுட்டானே.'

ஹெர்மானோ மட்டும் திரும்பவில்லை. மகுடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஃபிலோமினா சமாளித்துக்கொண்டாள். "யாரோ விளையாட்டுக்குப் போட்டிருக்காங்க. மகுடத்துக்கு முன்னாடி என்ன விளையாட்டு இது? சீட்டை எடுத்துடலாம். குட்டி, நீ மறுபடி எடும்மா."

குழந்தை பைக்குள் கையை விட்டது.

அவ்வளவுதான் தேவை. டெல்ஃபினா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். விளையாட்டு என்று முடிந்துவிடும். ஐந்து சீட்டு வரும், ஐந்து இடத்துக்கு அனுப்புவாள், எல்லோரும் காப்பி குடிக்கப் போவார்கள். சாயங்கால வகுப்பு. கடை. அப்பா.

"வேணாம்" என்றாள்.

சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. குழந்தை கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு முழித்தது.

"அது என்னோட சீட்டுதான்" என்றாள் டெல்ஃபினா.

கீழ்த்தளத்தில் அண்டா மூடி தடதடப்பது மட்டும் கேட்டது.

இடலினாதான் முதலில் சுதாரித்தாள். "சரி, இருக்கட்டும். ஒண்ணு சிகாகோ. அது உனக்கு. மீதி நாலு எடுப்போம்."

"மீதி வேணாம்மா. ஒண்ணுதான் அனுப்பப் போறேன்."

"ஒண்ணா? அப்ப நாலு?"

"நாலு அனுப்பல."

"இலவசமா இருக்கற நாலு இடத்தை வீணாக்கப் போறியா?" அம்மாவின் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, அதிர்ச்சி. ரொட்டியைக் குப்பையில் போடுகிறேன் என்று சொன்னது மாதிரி பார்த்தாள். "இத்தனை பேர் காத்துட்டு இருக்காங்களேடி!"

"யாருக்குமே இல்லன்னா யாருக்கும் மனத்தாங்கல் இருக்காதும்மா."

பின்வரிசையில் யாரோ, "அது நியாயம்தானே" என்றார். அநேகமாகப் பல் டாக்டர்.

ஃபிலோமினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என் காலேஜும் இல்லையா டெல்ஃபினா? நான் பேசி வச்சிருக்கேன். சுமாரான மார்க்கை வச்சுக்கிட்டு சிகாகோல போய் என்ன பண்ணுவ? வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் ரெண்டும் இல்லாம நிப்ப."

டெல்ஃபினா போனை எடுத்தாள். மதிப்பெண் பக்கத்தைத் திறந்து ஞானம்மாவிடம் நீட்டினாள்.

ஃபிலோமினா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மெதுவாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு?" என்றார் ஹெர்மானோ. அன்று சாயங்காலம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"எழுநூத்திப் பதினஞ்சு" என்றாள் ஃபிலோமினா.

"அப்படின்னா?"

"எங்க ஆபீஸ்ல அறுநூறைத் தாண்டினா டைரக்டரே எழுந்து வந்து பார்ப்பாரு. இருபது வருஷத்துல இந்த நம்பரை நான் பார்த்ததே இல்ல அண்ணா."

இடலினா மகளைப் பார்த்தாள். "சுமார்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"பெத்தவகிட்டயே ஏண்டி மறைச்ச? குறைஞ்சு போச்சோன்னு நேத்து முழுக்க மெழுகுவர்த்தி ஏத்திட்டு இருந்தேனே!"

இத்தனை பேர் முன்னால் அழக் கூடாது என்று டெல்ஃபினா பல்லைக் கடித்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அப்பாவின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க போயிட்டு வான்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. நீங்க தடுத்திருந்தா, நீங்கதான் விடலன்னு சொல்லிக்கிட்டுக் காலம் பூரா இங்க இருந்திருப்பேன். விட்டுட்டா? அப்புறம் போறதும் போகாததும் என் தலையில இல்ல வந்துடும்."

ஹெர்மானோ திரும்பினார். அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "அந்தப் போனை அவகிட்ட குடு ஃபிலோமினா" என்றார். "சீட்டுல பேரு வந்த பிறகு எனக்கு மகுடம் வேணாம்னு சொன்ன வீடு இந்த ஊர்ல உண்டா? வந்தாச்சு. அனுப்பட்டும்."

டெல்ஃபினா போனை வாங்கினாள். கல்லூரியின் பெயரைத் தேடி எடுத்தாள். முழுநேரம், சாயங்காலம் என்று தனித்தனியாக இருந்தது. முழுநேரத்தைத் தொட்டாள். இன்னும் நான்கு இடங்கள் காலியாக இருக்கின்றன, சேர்க்க வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்றாள். உறுதியா என்று கேட்டது.

அறை முழுக்க அவள் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அழுத்தினாள்.

*

கீழே காப்பிக்கூட்டம். வாழ்த்துச் சொன்னவர்கள் உண்டு, சொல்லாமல் முதுகில் தட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. அல்தினா மட்டும், "மாப்பிள்ளைகிட்ட இப்ப என்ன சொல்றது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஃபிலோமினா காப்பி குடிக்காமலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். டெல்ஃபினா வாசல் வரை ஓடினாள். "ஞானம்மா, கோபமா?" "கோபம் இல்லடி. என்னை நம்பலையேன்னு இருக்கு" என்று அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அது கோபத்தைவிட அதிகமாக வலித்தது.

மாடிப்படியில் டுவார்த்தே காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். டெல்ஃபினா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன்னை அடிக்கணும் போல இருக்கு" என்றாள். "அடிக்காம விட்டதுக்குக் காரணம் கையில தட்டு."

"என்னை எதுக்கு அடிக்கணும்? நான்தான் உனக்குக் கைதட்டணும்னு நெனச்சேன். தைரியமா எழுதிப் போட்டுட்டியே. நீ போட மாட்டன்னு பந்தயமே கட்டியிருப்பேன்."

"சும்மா இரு. நீதானே போட்ட?"

"நானா?" டுவார்த்தே தட்டைக் கீழே வைத்தான். "நான் கடையை விட்டே நகரல. நீ கிளம்பிப் போனதிலேருந்து கல்லாவுல நின்னேன். சாயங்காலம் நேரா குளிக்கப் போனேன். நீதான் போட்டன்னு நெனச்சேன். நீயேதான் சொன்ன, என்னோட சீட்டுதான்னு."

டெல்ஃபினா சட்டைப் பையிலிருந்து அந்த வெற்றுக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ யார்கிட்டயாவது சொன்னியா அண்ணா?"

"சத்தியமா இல்ல."

முன்னறையில் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. அப்பா ஒருவர் மட்டும் நின்று மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். வீங்கிய விரலால் திரியை நசுக்க முடியாமல், குனிந்து ஊதினார். டெல்ஃபினா வாசலில் போய் நின்றாள்.

"அப்பா. சீட்டு நீங்களா போட்டீங்க?"

ஹெர்மானோ அடுத்த மெழுகுவர்த்தியிடம் போனார். "சிகாகோவுல குளிரு இங்கத்த விட மோசம்னு சொல்றாங்க" என்றார். "நல்ல கோட்டா வாங்கணும்."

"அப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"திங்கக்கிழமை காலையில நீ கடைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரணும்." இன்னொன்றை ஊதினார். "ஒரு ஆளு வரான். புகைக்கூடத்தை, இயந்திரத்தை எல்லாம் பார்க்கணும்னான். விலை பேசும்போது பக்கத்துல நீ இருந்தா நல்லது."

டெல்ஃபினாவுக்குப் புரியச் சில விநாடி ஆனது.

"எதுக்கு விலைப்பா?"

அவர் மறுபடி குனிந்து ஊதினார். கடைசி மெழுகுவர்த்தியும் அணைந்து, மகுடத்தின் மேல் தெருவிளக்கின் வெளிச்சம் மட்டும் இருந்தது. டெல்ஃபினாவுக்குப் பின்னால் புகை வாசம் வந்தது. திரும்பிப் பார்க்காமலேயே யார் என்று தெரிந்தது.

"கடையை விக்கறீங்களா அப்பா?" என்றான் டுவார்த்தே. "நான் ஒருத்தன் இருக்கேன்ல?"